ரீப்பருக்குக் கீழே ஈயத்தாள்

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குக் கண்ணாடிச் சன்னல் கிடையாது. இரண்டு பலகைக் கதவு, நடுவில் ஒரு கொக்கி, அவ்வளவுதான். வெயில் மாதத்தில் பலகை சுருங்கிச் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு இடுக்கு விடும். மழை மாதத்தில் ஊதிப்போய்ச் சட்டத்தில் உட்காராமல் முறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு காலத்திலும் பனி உள்ளே வரும். அந்த லயத்தைக் கட்டினவன் இந்த மலையில் ஒரு நாள்கூடப் படுத்து எழுந்திருக்க மாட்டான். அவனை நான் திட்டாத நாள் கிடையாது.

தீபாவளி முடிந்து பெருமழை பிடிப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டிலும் சன்னல் அடைப்போம். கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை கிண்டுவோம். பாச்சை தின்னாமல் இருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். பழைய தமிழ்ப் பேப்பரை இடுக்கில் திணித்து, அதன்மேல் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுவோம். லோரி டயரின் உள் டியூபை விரல் அகலத்துக்கு வெட்டிச் சட்டத்தைச் சுற்றி ஆணி அடிப்போம். வாசல் கதவின் அடியில் போட, சாக்கைக் குழாய் மாதிரி தைத்து அதற்குள் ஃபாக்டரியில் கழிக்கிற தேயிலை நாரை அடைத்து வைப்போம். பிள்ளைகள் அதைப் பாம்பு என்பார்கள். அடுப்படிச் சன்னலை மட்டும் யாரும் தொட மாட்டோம். அதையும் அடைத்தால் புகையில் செத்துப்போவோம்.

இது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. பலகையை வெளியே இருந்து ஒருவர் அழுத்திப் பிடித்தால்தான் உள்ளே இருப்பவர் ஆணி அடிக்க முடியும். அதனால் இரண்டு இரண்டு வீடாகச் சேர்ந்துகொள்வோம். யார் யாரோடு சேர்வது என்பதில் பெரிய அரசியலே நடக்கும். சன்னல் அடைக்க வருகிறவளுக்கு உங்கள் வீட்டின் எல்லா ஓட்டையும் தெரிந்துவிடும் அல்லவா. சண்டைக்காரியோடு யாரும் சேர மாட்டார்கள்.

எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், எங்களுக்குக் கீழே உள்ள ரிங்லெட் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். வந்த முதல் வாரமே, “அக்கா, இங்க தண்ணி இப்படித்தான் சில்லுன்னு இருக்குமா, நான் குளிக்கவே மாட்டேன் போலருக்கே” என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழம் வெளி. அந்த வெளி வழியாக உப்பு, கருவாடு, ஊர்க்கதை எல்லாம் போய் வரும். எனக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லாத குறை அவளால் தீர்ந்தது என்று நானே பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். என் வாயை இப்போது அடித்துக்கொள்ளலாம்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. அவளுக்கு இழுப்பு. பனி இறங்கினால் போதும், நெஞ்சு விசிலடிக்க ஆரம்பிக்கும். விலா எலும்பு ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கலாம் போல உள்ளே போய் வரும். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு எத்தனை முறை தூக்கிக்கொண்டு ஓடினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கடைசியாகப் போனபோது டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிள்ளை படுக்கிற இடத்தில் காற்றும் ஈரமும் வராமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் கூடவே வைத்துக்கொள், முடியாது என்றால் கீழே சூடான ஊரில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் அங்கே விட்டு வளர்த்துக்கொள் என்றார்.

சொந்தக்காரருக்குப் பஞ்சமில்லை. மலைக்குக் கீழே தாப்பாவில் என் அக்கா இருந்தாள். பிள்ளை இல்லாதவள். “எங்கிட்ட விடுடீ, ராணி மாதிரி பாத்துக்கிறேன்” என்று அதற்கு முன்பே இரண்டு முறை கேட்டிருந்தாள். ராணி மாதிரிப் பார்த்துக்கொள்வாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் விட்டால் திரும்பி வராது என்பதிலும் சந்தேகம் இல்லை. என் பிள்ளையை நான் வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்பது ஒரு சன்னலில் வந்து நின்றது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

நான் ஃபாக்டரியில் பேக்கிங்கில் இருந்தேன். பலகைப் பெட்டிக்குள் ஈயத்தாளை விரித்து, மூலை மடித்து, தேயிலை கொட்டுவதற்குத் தயாராக்குவது என் வேலை. அந்தத் தாள் ஒரு சொட்டு ஈரத்தை உள்ளே விடாது. கப்பலில் கடல் தாண்டிப் போகிற தேயிலைக்கே பூஞ்சை பிடிக்காது என்றால் என் மகளுக்கு என்ன ஆகிவிடும்? மடிக்கும்போது சில தாள் கிழியும். கிழிந்ததைச் சேர்த்து வைத்து ஃபாக்டரிக்குப் பின்னால் கொளுத்துவார்கள். கொளுத்துவார்களே தவிர யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். தேயிலை நாரை மூட்டை மூட்டையாக அள்ளிக்கொண்டு போகலாம், தப்பே இல்லை. கிழிந்த தாளை எடுத்தால் திருட்டு. அந்த நியாயம் துரைக்கும் கணக்கெழுதுகிற கிராணிக்கும்தான் புரியும்.

அந்த வருடம் நான் எடுத்தேன். அதைப் பற்றி எனக்கு இன்றைக்கும் ஒரு வெட்கமும் இல்லை. இரண்டு தாள். ஒன்று எனக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்காரிக்கு. அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு அதற்கு முன் இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் கலைந்திருந்தது. அடுத்தது நிலைத்து ஒரு பிள்ளை பிறந்தால் அதுவும் இந்தப் பனியில்தானே கிடக்க வேண்டும் என்று நானாகத்தான் நினைத்தேன். தாளை வயிற்றில் சுற்றிக் கைலியை மேலே இறுக்கிக் கட்டிக்கொண்டால் நடக்கும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். அவள் மலையில் பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு வந்து ஃபாக்டரி வாசலில் எனக்காக நின்றாள். காவலுக்கு இருந்த ஜாகாவைத் தாண்டும் வரைக்கும், தன் மாமியாரைப் பற்றி ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகத் திட்டிக்கொண்டே என்னோடு நடந்து வந்தாள். ஜாகாவே சிரித்துவிட்டார். வீட்டுக்குள் போனதும் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

முன்பக்கச் சன்னலுக்கு எப்போதும் போலப் பேப்பர்தான். ஈயத்தாளை என் மகள் படுக்கிற பின்பக்கச் சன்னலுக்கு மட்டும் வைத்தேன். பின்னால் தரை சரிந்து இறங்கும், அதனால் அங்கே ஒரு எண்ணெய் டிரம்மை உருட்டி வைத்து அதன்மேல்தான் ஏறி நிற்க வேண்டும். அவள் ஏறினாள். நான் உள்ளே இருந்து தாளின் ஓரத்தை இடுக்கு வழியாகத் தள்ள, அவள் வெளியே இழுத்துப் பிடித்து, அதன்மேல் ரீப்பர் கட்டையை வைத்து அடித்தாள். உள்ளே தாள் தெரியாமல் நான் பேப்பர் ஒட்டி, அதற்கு மேல் ஒரு சாமிப்பட நாட்காட்டியும் மாட்டினேன். அப்புறம் இடம் மாறி அவள் வீட்டில் நான் டிரம் மேல் ஏறினேன். அதே மாதிரி, அதே ரீப்பர், அதே ஆணி. என் வீட்டுக்காரருக்குக்கூட நான் சொல்லவில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், சம்பள நாளில் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் எல்லாக் கதையும் வெளியே வந்துவிடும். ஆக அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

அந்த மழைக்காலம் முழுக்க என் மகள் மூச்சுவிட்டாள். சாதாரணமாக, எல்லாப் பிள்ளையும் விடுகிற மாதிரி. காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் முன் அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்ப்பேன். ஒரு சத்தமும் இருக்காது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கு ஆள் மூலம், பிள்ளை நன்றாக இருக்கிறாள், அனுப்ப வேண்டியதில்லை என்று திமிராகச் சொல்லி அனுப்பினேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்கும் அந்தச் சமயம்தான் வயிற்றில் தங்கியது. மூன்று மாதம் தாண்டியது. பயந்து செத்தாள். முதல் இரண்டும் கூடையோடு மலையில் வழுக்கி விழுந்து போனவை. “அக்கா, கிராணிகிட்ட சொல்லி பேக்கிங்ல எனக்கு ஒரு எடம் பாருங்கக்கா. உக்காந்து செய்ற வேலைன்னா இது நின்னுடும்” என்று அந்தச் சுவர் வெளி வழியாகக் கெஞ்சினாள். நான் கேட்டேன். கிராணி பேரேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்து என் வாயாலேயே அவளிடம் சொன்னேன்:

“ஆள் யாராச்சும் போனாத்தான் எடமாம் பிள்ள. கொஞ்சம் பொறுத்துக்க லா.”

பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். கிராணியும் ஜாகாவும் வந்தார்கள். கிராணி லயத்துக்குள் கால் வைக்கிறார் என்றாலே நல்லதுக்கு இல்லை.

“என்னாம்மா, ஒன் வூட்டுப் பின்பக்கச் சன்னலக் கொஞ்சம் பாக்கணும்” என்றார்.

முன்பக்கச் சன்னலை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார். நானும் ஓடினேன். டிரம் மூன்று வீடு தள்ளிக் கிடந்தது. அதைக் கையால் காட்டி ஜாகாவிடம் சொன்னார்:

“அந்த டிரம்ம உருட்டிட்டு வந்து மேல ஏறு. கீழ்ப்பக்க ரீப்பர நெம்பு. அதுக்கு அடியிலதான் இருக்கும்.”

தாளை எடுத்ததைப் பிடித்துவிட்டார்களே என்ற பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் மண்டையில் அடித்தது அந்த ‘கீழ்ப்பக்க ரீப்பர்’தான். டிரம் மேல் ஏறி நின்ற ஒருத்தியைத் தவிர அது யாருக்குத் தெரியும்? திரும்பிப் பார்த்தேன். அவள் தன் வீட்டுப் பின்வாசலில் நின்றாள். ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, ஜாகாவின் கையில் இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரீப்பர் கிளம்பி வந்தது. ஜாகா தாளைப் பிடித்து இழுத்தார். உள்ளே நான் ஒட்டியிருந்த பேப்பரும் நாட்காட்டியும் சேர்ந்து கிழிந்து விழுகிற சத்தம் கேட்டது. என் மகள் எழுந்து அழ ஆரம்பித்தாள்.

கிராணி தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

“வேற யார் வூட்ல இருக்கு? ஆளச் சொன்னா நான் தொரகிட்ட பாத்துப் பேசறேன். ஒன் வேல போவாது.”

வேலை போகாது. அவள் வீடு பத்தடி தூரத்தில் இருந்தது. கீழ்ப்பக்க ரீப்பர், அதில் நான் அடித்த ஆணி ஆறு. நான் விரலை நீட்டினால் போதும். வாயே திறக்க வேண்டாம்.

“யார் வூட்லயும் இல்லீங்க ஐயா” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று என்னை நானே எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு அது அவ்வளவாகக் கிடையாது. அவள் வயிற்றில் இருந்த அந்தக் கையைப் பார்த்துவிட்டேன். அதைப் பார்த்த பிறகு விரல் எழவில்லை.

என் வீட்டுக்காரர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். “ஏன்டி, எங்கிட்டகூட சொல்லலியே? நான் என்ன வேத்தாளா?” அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நம்ப வேண்டிய ஆளை விட்டுவிட்டு யாரை நம்பியிருக்கிறேன் என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

திங்கட்கிழமை பெரட்டில் என் பேரைக் கொழுந்துக் கணக்கில் கூப்பிட்டார்கள். கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறினேன். அடுத்த திங்கட்கிழமை பேக்கிங்கில் என் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார்ந்த அதே முக்காலி. ஆள் போனால்தான் இடம் என்று நான்தானே சொன்னேன். ஆளைப் போக வைத்துவிட்டாள்.

துரை பேரைச் சொல்லிக் கிராணி இன்னொரு உத்தரவும் போட்டார். என் வீட்டுச் சன்னலில் இனி ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது, ஜாகா வாரா வாரம் வந்து பார்ப்பார். உரச்சாக்கின் பிளாஸ்டிக்கை வெட்டி ஆணியில்லாமல் செருகிப் பார்த்தேன். காற்று பிடுங்கிக்கொண்டு போனது. பேப்பரைத் திணித்தேன். இரண்டே நாளில் ஊறிக் கூழானது. கம்பளியை மாட்டினேன். அது பனியைக் குடித்துப் பூஞ்சை பிடித்து, அந்த நாற்றமே பிள்ளைக்கு இழுப்பைக் கொண்டு வந்தது. மாசி முடிவதற்குள் மூன்று தடவை ஆஸ்பத்திரி. மூன்றாவது தடவை என் மகளின் உதடு கறுத்துவிட்டது. டாக்டர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, போன தடவை சொன்னதையே இன்னும் மெதுவாகச் சொன்னார்.

சித்திரை மழைக்கு முன்னால் நானே பிள்ளையைக் கொண்டுபோய்த் தாப்பாவில் விட்டேன். மலையிறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு காற்று சூடாகிக்கொண்டே வந்தது. பாதி வழியில் அவள் சட்டைக்கு மேல் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொல்லி அடம் பிடித்தாள். கழற்றினேன். அக்கா வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டாள். திரும்பி வரும்போது அந்தக் கம்பளிச் சட்டை மட்டும் என் மடியில் இருந்தது. அழுதேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஆடி மாதம் பெண் பிறந்தது. முழு மாதம், நல்ல எடை. நடுச்சுவரின் மேல் வெளியை நான் அதற்குள் பலகை வைத்து அடித்திருந்தேன். அது சன்னல் இல்லையே, அங்கே ஆணி அடிக்க யார் தடுப்பது. ஆனாலும் சத்தம் கேட்கும். அந்தக் குழந்தை அழும், பால் குடிக்கும், தூங்கும். ஒரு தும்மல்கூடப் போடாது. என் கையால் அடித்த ஆறு ஆணிக்குப் பின்னால் அது சூடாகக் கிடந்தது. பச்சைப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் அந்தக் கோபத்துக்காக என் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தோம், ஒரே கோயிலில் நின்றோம், ஆறு வருடம் நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

எண்பதுகள் பிறந்த பிறகு ஒருவழியாகத் தோட்டத்துக்குப் புத்தி வந்தது. கம்போங் ராஜாவிலிருந்து சீனத் தச்சர்கள் வந்து எல்லா வீட்டுக்கும் சன்னலைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். வாசல் கதவுகளை அதற்கு முந்தின வாரமே புதிதாக மாற்றியிருந்தார்கள். அது பள்ளி விடுமுறை, என் மகள் மேலே வந்திருந்தாள். பத்து வயது. கீழே என் அக்காவை அம்மா என்பாள். என்னை மேலம்மா என்பாள். அவளாக வைத்துக்கொண்ட பேர். முதல் தடவை கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்று நாளுக்கு மேல் அவளால் எங்களோடு தங்க முடியாது. நெஞ்சு கட்டிக்கொள்ளும்.

அன்றைக்கு எங்கள் வீடு முடிந்து தச்சர்கள் பக்கத்து வீட்டுக்காரியின் வீட்டுக்குப் போனார்கள். பின்பக்க ரீப்பரை நெம்பியதும் ஈயத்தாள் வழுக்கிக்கொண்டு கீழே விழுந்தது. ஆறு வருடம் ஆகியும் பளபளவென்று இருந்தது. புதிதாக வந்திருந்த கிராணி காலால் தள்ளி, “என்னா குப்பை இது, தூக்கிப் போடுங்க” என்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குள் பெட்டி போய்க் காகிதச் சாக்கு வந்துவிட்டது. ஈயத்தாளைத் தேட ஃபாக்டரியில் யாரும் இல்லை.

நானும் அவளும் அந்தச் சரிவில் நின்றோம். அவளே வாயைத் திறந்தாள்.

“நீங்க என் வூட்டக் காட்ட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா. அந்த ஒரு தைரியத்துலதான் நான் போய்ச் சொன்னேன்.”

அடிப்பாவி. நான் அவளை நம்பி ஏமாந்தேன் என்றுதான் ஆறு வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் என்னை நம்பியிருக்கிறாள். என்னை முழுசாக நம்பி, அந்த நம்பிக்கையை வைத்தே என் பிள்ளையை என்னிடமிருந்து பிரித்திருக்கிறாள். ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. ஏதோ எனக்குப் பெருமை சேர்க்கிற மாதிரிச் சொல்லிவிட்டு நின்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் என் மகள் வந்து அந்தத் தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது எதுக்கு மேலம்மா?”

“குளிரு உள்ள வராம இருக்க.”

அவள் தாளின் ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு, கோபம் எதுவும் இல்லாமல், சும்மா கேட்டாள்:

“சித்தி வூட்ல வெச்சிருக்காங்களே. நம்ம வூட்ல மட்டும் ஏன் வெக்கல?”

பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை, வெச்சாங்கம்மா, நான்தான் எடுக்க வெச்சேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். கிராணி இல்லை, துரை இல்லை, போகிறதுக்கு ஒரு வேலையும் இல்லை. பத்து வயதுப் பெண்ணிடம் சொல்வதில் அவளுக்கு என்ன நஷ்டம்?

“அதோ நிக்கிறாங்களே, சித்தியக் கேளு” என்றேன். “அவுங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்.”

என் மகள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பிக் காத்திருந்தாள். அவள் என் மகளைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே போய்ப் புதுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல கதவு. எந்தப் பக்கமும் ஒரு இடுக்கு இல்லை.

“சித்திக்கு என்ன கோவம்?” என்று என் மகள் கேட்டாள். அதற்குள் அவளுக்கு லேசாக இருமல் ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு மூன்றாவது நாள். கம்பளிச் சட்டையைப் போட்டுவிட்டு, தாப்பா பஸ் பிடிக்க அவளை ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.